மாமியார் எழுதித் தந்த வாடகை ரசீது

வானிலை நிலையத்தில் மேகங்களைப் பார்த்துக் குறிப்பெழுதுவது அவன் வேலை. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மொட்டைமாடியில் அண்ணாந்து நிற்பான். படியிறங்கி வந்தபிறகும் மனசு இறங்க இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும். அப்படி அரை மயக்கத்தில் இருந்த ஒரு பிற்பகலில்தான் கணக்குப் பிரிவு அம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"வாடகைப்படிக்கு வரி விலக்கு கேட்டிருக்கீங்க, ரசீது எங்க சார்? வெள்ளிக்கிழமைக்குள்ள வரலன்னா வரியைப் பிடிச்சிடுவோம்."

அவன் குடியிருப்பது மாமியார் வீட்டு மாடியில். வீட்டோட மாப்பிள்ளை என்று யாரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாதென்று, கல்யாணமான மாதத்திலிருந்தே மாமியாரின் வங்கிக் கணக்கில் வாடகை போட்டுவருகிறான். அதைப் பற்றி இருவரும் வாய் திறந்ததே இல்லை.

சாயங்காலம் தயங்கித் தயங்கிக் கேட்டான். ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்த மாமியாரின் கை நின்றது.

"மாப்பிள்ளைகிட்ட வாடகை வாங்கினேன்னு நானே எழுதித் தரணுமா?"

"ஆமா அத்தை. உங்க வருமானத்துலயும் காட்டணும். உங்களுக்கு வரி எதுவும் வராது."

"வரிக்கு யார் பயந்தா? அந்தப் பணம் எங்கேன்னு கேப்பாங்களே!" குரல் தாழ்ந்தது. "மாசம் ஒருநாள் படகுல ஏறி ஏரிக்கு அந்தப் பக்கம் போறேன். மர நிழல்ல சாய்வு நாற்காலி வாடகைக்குக் குடுப்பாங்க. சாயந்திரம் வரைக்கும் சும்மா உக்காந்திருப்பேன். உங்க பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். "வாடகையை என்ன பண்ணீங்கன்னு வீட்டுக்காரங்களைக் குடியிருக்கிறவன் கேக்க முடியுமா அத்தை?"

அவள் மூக்குக்கண்ணாடியைத் தேடினாள்.

பன்னிரண்டு ரசீதுகள். ஒவ்வொன்றிலும் கையெழுத்துக்கு முன் பேனா அந்தரத்தில் நின்றது. "இந்த ரசீது மாசம் நான் போனப்ப ஏரியே தெரியல, ஒரே பனி. படகு மிதக்குதா பறக்குதான்னே புரியல," என்றாள். அந்தப் பனிக் காலையில் குறிப்பேட்டில் 'வானம் தெரியவில்லை' என்று தான் எழுதியது அவனுக்கு நினைவு வந்தது. சொன்னான். அடுத்த மாத ரசீதுக்கு அவள் தண்ணீரின் நிறம் சொன்னாள், அவன் மேகத்தின் பெயர் சொன்னான். காபி ஆறி ஆடை கட்டியதை இருவருமே கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ரசீதுகளைக் கொடுத்தான். கணக்குப் பிரிவு அம்மாள் புரட்டிப் பார்த்துக் கோப்பில் சொருகினாள். அந்த வருஷம் வாடகைப்படிக்கு வரி பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கதவு தட்டும் சத்தம். குழாய் ரிப்பேர்காரரோடு மாமியார் நின்றாள்.

"மாடிக் குழாய் ஒழுகுதாமே, ஏன் சொல்லல? வாடகை வாங்குறேன், சும்மா இருக்க முடியுமா?" என்று புடவையைத் தூக்கிச் செருகியபடி உள்ளே நுழைந்தாள்.