சவுனாக் கதவுக்கு ஆறு கழுந்துகள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை எழுதச் சொன்னது என் தம்பி டேலின் மனைவி ரோண்டா.

"என்னைக் கட்டிக்க ரெண்டு வாரம் யோசிச்சாரு. ரம்பத்துக்கு ஒரு ஜிக் வாங்க அஞ்சு மாசம்! எழுதுங்க அண்ணி, ஊரே சிரிக்கட்டும்."

சிரிப்புக் கதையாகத்தான் ஆரம்பித்தேன்.

முதல் தொடக்கம்: சுப்பீரியர் ஏரி உறைந்து கிடந்த மார்ச் மாதத்தில், டேல் கங்காஸ் என்ற தபால்காரன் ஒரு...

அடித்துவிட்டேன். ஏரியைக் காட்டித் தொடங்குகிறவர்கள் எதையோ மறைக்கிறார்கள்.

இரண்டாவது: அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை, டேல் கட்டை அறுத்துக்கொண்டிருந்தபோது யாரோ கராஜ் கதவைத் திறந்து...

இதையும் நிறுத்திவிட்டேன். "யாரோ" என்று எழுதியதும் கை ஓடவில்லை.

2

நடந்ததைச் சொல்கிறேன். ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் சவுனாவுக்கு, அதாவது சூட்டில் உட்கார்ந்து வேர்க்கிற மரக் குளியலறைக்கு, டேல் புதுக் கதவு செய்துகொண்டிருந்தான். மூன்று குறுக்குக் கட்டைகள். ஒவ்வொன்றின் இரு முனையிலும் ஒரு கழுந்து, அதாவது பக்கச் சட்டத்தின் துளைக்குள் போய் உட்காருகிற நாக்கு. மொத்தம் ஆறு. அதை அறுக்கக் கட்டையைச் செங்குத்தாக நிறுத்தி, ரம்ப மேசை நடுவில் எழும்பிச் சுற்றும் பிளேடின் மேல் தள்ள வேண்டும். டேல் வெறும் கையால் தள்ளினான். இருபது வருடமாக அப்படித்தான் தள்ளுகிறான்.

மூன்றாவது கழுந்தில் கட்டை சாய்ந்தது. இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மேல் கணுவோடு போயின.

(கட்டுப் பிரித்த அன்று அவன் சொன்னது: "நல்லவேளை, கடிதம் பிரிக்கிறது வலது கையால." ரோண்டா சிரிக்கவில்லை.)

அந்தக் குளிர்காலம் முழுக்கச் சவுனா வாசலில் ஒரு பழைய கம்பளி தொங்கியது. சூடெல்லாம் வெளியே போயிற்று.

3

இனி ஜிக். கட்டையை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள ஒரு கருவி. நாம் அதன் கைப்பிடியை மட்டும் தள்ளினால் போதும். டேலுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, ஒட்டுப்பலகையில் தானே செய்துகொள்வது. இன்னொன்று, மேசைப் பள்ளத்தில் ஓடுகிற கனத்த வார்ப்பிரும்பு ஜிக்.

"நீயே செஞ்சிடேன்டா," என்றேன். "அரை நாள் வேலைதானே?"

"பலகைய எதுல அறுக்கிறது?"

"ரம்பத்துலதான்..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

"அதான் அக்கா."

"அப்ப இரும்பு வாங்கு."

"பள்ளத்துல ஆட்டம் இருந்தா? மயிரிழை ஆட்டம் இருந்தாலும் கட்டை சாயும்."

தினமும் பள்ளத்தை அளந்தான். அளந்ததைச் சுவரில் எழுதினான். மறுநாள் மறுபடி அளந்தான். ரம்பத்தின் மின்கம்பி சுருட்டியபடியே ஆணியில் தொங்கியது.

ரோண்டா கராஜ் வாசலில் வந்து நின்றாள். "வித்துத் தொலைங்க. கம்பளி நல்லாத்தான் இருக்கு."

4

டேலைக் கோழையாக ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. பனிப்புயலில் வண்டி புதைந்தால் தபாலைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறவன் அவன். இந்தக் கதையில் சந்தேகப்பட வேண்டிய ஆள் வேறு.

கதவைத் திறந்த அந்த "யாரோ" நான்தான்.

அன்று வேறொரு கதை எழுதிக்கொண்டிருந்தேன். தச்சன் ஒருவன் வருகிற இடத்தில் ஒரு சொல் கிடைக்கவில்லை. நேராகக் கராஜுக்குப் போய், ரம்பச் சத்தத்துக்கு மேல் கத்தினேன்: "டேல், நாக்கு மாதிரி செதுக்குவியே, அதுக்கு என்ன பேரு?"

அவன் திரும்பினான்.

அந்தச் சொல் எனக்கு ஆஸ்பத்திரியில் கிடைத்தது. என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று டாக்டர் கேட்டபோது, "கழுந்து அறுத்துக்கிட்டிருந்தேன்" என்றான் டேல். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

5

முடிவுகள் சில யோசித்தேன். டேல் ரம்பத்தை விற்றுவிடுகிறான். அல்லது, அக்கா அவனுக்கு இரும்பு ஜிக்கைப் பரிசாகக் கொடுக்கிறாள், எல்லோரும் கட்டிக்கொள்கிறார்கள்.

இரண்டாவதை நிஜத்திலேயே முயன்றேன். போன மாதம், சாப்பாட்டு மேசையில், இறைச்சி அடைத்த பாஸ்டியைப் பிட்டுக்கொண்டே, "நான் வாங்கித் தர்றேன், எதுன்னு சொல்லு" என்றேன்.

"நீ எதுக்கு வாங்கித் தரணும்?"

தட்டைப் பார்த்தபடி சொல்லிவிட்டேன். கதவைத் திறந்தது, கத்தினது, எதற்காகக் கத்தினேன் என்பது, எல்லாம். ரோண்டா முள்கரண்டியை வைத்துவிட்டாள். கூப்பிட்டது நான் என்பது அவளுக்கு இதுவரை தெரியாது.

"உன் குரல் எனக்குத் தெரியாதா?" என்றான் டேல். "அஞ்சு மாசமாச்சு. நீயும் சொல்லல, எனக்கு ஜிக்கும் கிடைக்கல."

"ஏன்டா நீ கேட்கல?"

"நான் ஏன் கேட்கணும்?"

அவன் அப்படிக் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோட்டைக்கூட எடுக்காமல் வெளியே போய்விட்டான். திரும்பி வந்தவன் என்னைப் பார்க்காமல் ரோண்டாவிடம் சொன்னான்: "இரும்புதான். ரெண்டு கையும் பிளேடுக்குத் தள்ளியே இருக்கும். ஆட்டம் இருந்தா திருகி இறுக்கிக்கலாமாம்."

6

போன ஞாயிறு மதியம் என்னைக் கராஜுக்குக் கூப்பிட்டான். ஜிக் மேசைமேல் கறுப்பாக உட்கார்ந்திருந்தது. கெட்டுப்போன கட்டைக்குப் பதில் புதிதாக ஒன்று வைத்திருந்தான். நாலு கழுந்து பாக்கி.

சுவிட்சைப் போடுவதற்கு முன் மூன்று முறை கையைத் துடைத்தான். முதல் கழுந்து. இரண்டாவது. மூன்றாவது. பிறகு ரம்பத்தை நிறுத்தி, கடைசிக் கட்டையைத் தலைகீழாகத் திருப்பி ஜிக்கில் முடுக்கினான்.

"வா. இது நீ."

"விளையாடாதடா. என்னால முடியாது."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. பிடி."

பிளேடு சுற்றத் தொடங்கியது. கைப்பிடியின் அதிர்வு முழங்கை வரை ஏறியது. தள்ளினேன். அவன் சுவிட்சருகே நின்று என் முகத்தைப் பார்க்காமல் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சத்தம் நின்றதும் கட்டையைக் கழற்றி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். பக்கச் சட்டத்தை எடுத்துவந்து, துளையில் வைத்து அழுத்தினான். கழுந்து பாதி உள்ளே போயிற்று.

மீதியும் போனதா? அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதினால் தம்பி என்னை மன்னித்துவிட்டான் என்று எழுதிவிடுவேன். அந்த வாக்கியம் அவனுடையது. என்னிடம் அவன் இன்னும் சொல்லவில்லை.

நான் கதையை நிறுத்துகிற இந்த இடத்தில், அவன் மரச்சுத்தியைத் தேடிக்கொண்டிருக்கிறான்.