தாளிக்க வேண்டாம்

ஜெயராஜின் மளிகைக் கடை முன்னால் கண்ணாடி ஜாடிகள் உடைந்து தெருவெல்லாம் மிட்டாய் சிதறிக் கிடந்தது. ஜெயராஜும் அவன் மனைவியும் உள்ளே தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே கூட்டம் கலைவதாக இல்லை.

முதல் நாள் கோயில் கைங்கர்யம் செய்யும் கிருஷ்ணஸ்வாமி அய்யங்கார் வீட்டில் மகள் அரவிந்தவல்லிக்குச் சீமந்தம். சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் சாயங்காலத்துக்குள் வாந்தியெடுத்துச் சுருண்டார்கள். சிலருக்கு வலிப்பு வந்தது. வயிற்றில் பிள்ளையோடு இருந்த அரவிந்தவல்லிக்கும் வந்தது. எண்ணெய் ஜெயராஜ் கடையில் வாங்கியது. அவன்தான் எதையோ கலந்துவிட்டான் என்று திருவள்ளூர் முழுக்கப் பேச்சு.

அந்தக் கடலை எண்ணெயை ஆட்டியது மணவாள நகர் துளசிராமன் மில். எழுபத்தொன்றாம் வருஷத்தில் அந்த வட்டாரத்துக் கடைகள் பலவற்றில் அவருடைய எண்ணெய்தான். ஆனாலும் மில்லைப் பற்றி இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை.

துளசிராமன் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். இது சாதாரண கலப்படம் மாதிரி இல்லை, பூச்சிமருந்து உள்ளே போனால்தான் இப்படி வலிப்பு வரும் என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டதும் துளசிராமன் நேராக மில்லுக்கு வந்து கிடங்கின் பின்பக்கம் போனார். டின் கழுவுகிற தொட்டிக்கருகில் ஒரு காலி டின் கவிழ்ந்து கிடந்தது. புரட்டினார். சுரண்டியும் முழுக்கப் போகாத மண்டையோட்டுப் படம் தெரிந்தது.

கிடங்கைப் பார்த்துக்கொள்வது அவருடைய தம்பி சின்னதுரை. கூப்பிட்டு டின்னைக் காட்டினார்.

"டின்னு எங்கியும் கெடைக்கலணா. பழைய இரும்புக் கடையில வாங்கினேன். சோடா போட்டு, கொதிக்கிற தண்ணில நல்லாத்தான் கழுவினேன்."

"இந்த மாதிரி எத்தினி டின்னு வெளிய போச்சு?"

"ஜெயராஜ் கடை வழியா அய்யங்கார் ஊட்டுக்குப் போனது ஒண்ணுதாணா." சின்னதுரை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

அந்த நேரம் போன் அடித்தது. எண்ணெய் மில் சங்கத்துச் செயலாளர். அதிகாரிகள் ஜெயராஜ் கடையில்தான் சாம்பிள் எடுத்திருக்கிறார்கள், மெட்ராஸிலிருந்து ரிப்போர்ட் வர நாளாகும், அதுவரை யார் கேட்டாலும் எதுவும் சொல்லாதே, கடைக்காரன் கலப்பான் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம், பழி தானாக அவன் மேல் நின்றுகொள்ளும் என்றார். துளசிராமனுக்கு ஒரு நிமிஷம் மூச்சு இலேசாக வந்தது. அப்படி வந்ததே அவருக்கு அருவருப்பாகவும் இருந்தது. சரி என்றும் சொல்லாமல் போனை வைத்தார்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனார். வராந்தாவில் கிருஷ்ணஸ்வாமி தூணில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் முந்தின நாள் இட்ட திருமண் பாதி அழிந்திருந்தது. துளசிராமன் எதிரே உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். தப்பு ஜெயராஜுடையது இல்லை, என் மில்லினுடையது என்றார். அடிப்பார் என்று எதிர்பார்த்தார். அடித்திருந்தால் தேவலை என்று தோன்றியது.

கிருஷ்ணஸ்வாமி அவரைப் பார்க்காமலே சொன்னார்: "என்கிட்ட சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்லை. இன்னும் யாராத்துல அடுப்பு எரியறதோ, அங்க போய்ச் சொல்லுங்கோ."

துளசிராமன் சைக்கிள் ரிக்‌ஷா ஒன்றில் மைக் செட் கட்டச் சொன்னார். அறிவிப்பு செய்கிறவனிடம் கொடுக்காமல் தானே மைக்கை வாங்கிக்கொண்டார். "நான் மில்லு துளசிராமன் பேசறேன். எங்க மில்லு எண்ணெயில விஷம் கலந்திருக்குது. யாரும் தாளிக்க வேணாம், பொரிக்க வேணாம். ஜெயராஜ் மேல குத்தமில்ல. எண்ணெய மில்லுக்குக் கொண்டாந்துருங்க." தேரடி, கடைத்தெரு, ரயிலடி என்று சொல்லிக்கொண்டே போனார். ஜெயராஜ் கடை முன்னால் அதைச் சொன்னபோது எங்கிருந்தோ ஒரு கல் வந்து காதைக் கிழித்தது. ரத்தத்தைத் துண்டால் அழுத்திக்கொண்டு இன்னொரு முறை சொன்னார். கதவைத் திறந்து ஜெயராஜ் எட்டிப் பார்த்தான். திரும்ப உள்ளே போய்விட்டான்.

பிற்பகலில் மில் களத்தில் நிற்க இடமில்லை. கடைக்காரர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், கடலை கொண்டுவந்து போடும் விவசாயிகள், வீட்டுக்கு வாங்கிப் போனவர்கள் என்று எல்லோரும் வந்திருந்தார்கள். இனி எங்கள் கடையில் எவன் எண்ணெய் வாங்குவான் என்று கடைக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். களத்தில் காயும் கடலையை என்ன செய்வது என்று விவசாயிகள் கேட்டார்கள். மூட்டை தூக்குகிறவர்களுக்கு வேலை போய்விடுமோ என்ற பயம். மில் மறுபடி எப்போது ஓடும் என்றார்கள்.

"எனக்குத் தெரியாதுப்பா," என்றார் துளசிராமன். "சீல் வெச்சாலும் வெப்பாங்க. தெரியாதத தெரியும்னு சொல்லி உங்கள ஏமாத்த மாட்டேன். இப்ப எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணுங்க. கடை கடையாப் போயி டின்னுங்கள தூக்கிக்கினு வாங்க."

யாரும் நகரவில்லை. ரயிலடியில் பஜ்ஜி போடும் குப்பம்மாள் முன்னால் வந்தாள். "பொதுவா எல்லாத்தையும் கொண்டான்னா எவன் குடுப்பான்? எந்த டின்னுன்னு சொல்லு நைனா. உனக்குத் தெரியாமயா பூடும்?"

துளசிராமன் தம்பியைத் தேடினார். சின்னதுரை எடைமேடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். முகம் வெளுத்திருந்தது. குப்பம்மாள் பார்வையும் அங்கே திரும்பியது. அவன் மேடைமேல் உட்கார்ந்துவிட்டான்.

"இன்னொண்ணு இருக்குதுணா. கடம்பத்தூர் குப்புராஜு ஊட்டுக்குப் போயிருக்குது. இன்னிக்கி ராத்திரி அவுரு பொண்ணு கல்யாண விருந்து."

மூட்டை தூக்குகிறவர்கள்தான் முதலில் ஓடி லாரியைக் கிளப்பினார்கள். மற்றவர்கள் சொல்லாமலே டின்களைத் தேடிக் கடைத்தெருப் பக்கம் போனார்கள்.

துளசிராமனும் தம்பியும் லாரியில் ஏறிக்கொண்டார்கள். கடம்பத்தூர் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று தூரத்தில் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. பந்தல் பாட்டுச் சத்தம் அந்தப் பக்கம் கேட்டது. சின்னதுரை லாரியிலிருந்து குதித்தான். கேட்டுக்குக் கீழே குனிந்து புகுந்து, என்ஜின் ஊதுவதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் தண்டவாளத்தைத் தாண்டி ஓடினான். துளசிராமன் பெயர் சொல்லிக் கத்தினார். ரயில் நடுவில் வந்து மறைத்துவிட்டது. பெட்டி பெட்டியாக அது போய் முடிகிறவரை, தம்பி அந்தப் பக்கம் உயிரோடு இருக்கிறானா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

லாரி பந்தலை அடைந்தபோது சின்னதுரையைச் சமையல் கொட்டகைக் கம்பத்தில் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வாயோரம் ரத்தம். பொரித்து வைத்திருந்த வடை அத்தனையும் சேற்றில் கிடந்தது. அடுப்பில் எண்ணெய் இன்னும் காய்ந்துகொண்டிருந்தது. குடித்துவிட்டு வந்து எண்ணெயில் விஷம் என்று உளறி வடைத்தட்டைக் கவிழ்த்தான் என்றார்கள். துளசிராமன் விறகை இழுத்துப் போட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னார். யாராவது சாப்பிட்டார்களா என்று கேட்டார். உப்புப் பார்க்க ஒன்று தின்றேன் என்று சமையல்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அவரை லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

குப்புராஜ் பட்டுத் துண்டோடு நின்றிருந்தார். அடிக்க ஓங்கிய கை அப்படியே இறங்கியது.

"என் கொல்லைல வெளஞ்ச கடலைய ஆட்டி, எனக்கே வெசமா குடுத்தியே துளசிராமா."

துளசிராமன் தம்பியின் கட்டை அவிழ்த்தார். சின்னதுரை அவர் தோளில் முகத்தை வைத்து அழுதான். அவர் அவனைத் தேற்றவும் இல்லை, தள்ளவும் இல்லை.

சமையல்காரர் பிழைத்துக்கொண்டார். அரவிந்தவல்லியும் பிழைத்தாள். பிள்ளை தங்கவில்லை. செய்தி வந்த அன்று துளசிராமன் அவர்கள் தெரு முனை வரை போய், அதற்கு மேல் கால் வராமல் திரும்பிவிட்டார். மில்லுக்குச் சீல் வைத்தார்கள். கோர்ட்டில் அண்ணன் தம்பி இருவருமே குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். சின்னதுரை ஜெயிலுக்குப் போனான். அண்ணனுக்கு அபராதம். சங்கத்தில் அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். ஜெயராஜ் அதற்கப்புறம் அவருடைய எண்ணெயை வாங்கவே இல்லை. எதிர்ப்பட்டால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

மறு வருஷம் அறுவடை முடிந்த சமயம் சீலை எடுத்தார்கள், மில் திறந்தது. முதல் வாரம் ஒரு வண்டிகூட வரவில்லை. பிறகு ஒரு காலையில் குப்புராஜின் மாட்டு வண்டி வாசலில் வந்து நின்றது. அவர் மூட்டையை இறக்கவிடவில்லை. உள்ளே போய்க் கிடங்கைப் பார்த்தார். அடுக்கியிருந்த டின்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். துளசிராமன் பின்னாலேயே நடந்து, அவர் கேட்ட கதவையெல்லாம் திறந்துவிட்டார். எல்லாம் பார்த்து முடிக்கும்போது வெயில் ஏறிவிட்டிருந்தது. குப்புராஜ் வாசலுக்கு வந்து, மாட்டை அவிழ்த்து மூட்டையை இறக்கச் சொன்னார்.