நான் முகராத வாசனைகள்

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு குளிர்பெட்டி. இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. சென்ற ஆண்டு, ஒயின் வைக்கும் குளிர்பெட்டி ஒன்றின் கையேடு வந்தது. பினோ நுவார் என்ற ஒயினுக்குப் பதினாலு டிகிரி, கேபர்னே என்ற ஒயினுக்குப் பதினெட்டு. எல்லாம் சிவப்புதானே, இதில் என்ன பாகுபாடு என்று விளங்கவில்லை. ‘டிரை ஒயின்’ என்பதை ‘உலர்ந்த ஒயின்’ என்று எழுதிவிட்டு, ஊற்றுகிற ஒன்று எப்படி உலரும் என்று அரை நாள் உட்கார்ந்திருந்தேன். கேட்க ஆள் இல்லை. தெருமுனையில் ஒரு ஒயின் கடை இருந்தது. போனேன்.

(‘கேட்க ஆள் இல்லை’ என்பதை முதல் வரைவில் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். மனைவி பிரிந்துபோனது, மகன் மாதம் ஒருமுறை போனில் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டுவிட்டு வைப்பது எல்லாம். அடித்துவிட்டேன். மூன்று சொல் போதும்.)

2

அவள் கண்களில் ஏதோ ஒரு மர்மமான

இல்லை. கதாநாயகி வேண்டுமே என்று அப்படித் தொடங்கினேன். உண்மையில் கடையில் இருந்த அந்தப் பெண்மணிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். நாள் முழுக்க நின்று விற்பவர். கால்வலிக்காக ரப்பர் செருப்பு போட்டிருந்தார். ஒயின் எப்படி உலரும் என்று நான் கேட்டதற்குச் சிரிக்கவில்லை.

“இனிப்பு இல்லைன்னா அதுக்கு அப்படி ஒரு பேரு சார். அவ்வளவுதான்.”

பிறகு நான்கு பாட்டில்களை வரிசையாக வைத்தார். பினோ நுவார் மெலிசு. கோப்பைக்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியும். மெர்லோ சாது, முரண்டு பிடிக்காது. கேபர்னே நாக்கைக் கவ்வும். அந்தத் துவர்ப்பு திராட்சைத் தோலும் விதையும் கொடுப்பது. ஷிராஸில் மிளகு எட்டிப் பார்க்கும். நான் மெர்லோ வாங்கினேன். அடுத்த சனிக்கிழமை வந்து என்ன வாசனை வந்தது என்று சொல்ல வேண்டும் என்றார்.

என்னிடமிருந்து ஒரு விஷயம் தெரிய வேண்டும் என்று யாரும் கேட்டு வெகு காலமாகியிருந்தது.

3

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எனக்குத் துவர்ப்பு தெரிந்தது, புளிப்பு தெரிந்தது, கனம் தெரிந்தது. வாசனை மட்டும் பிடிபடவே இல்லை. ஒயினில் ஒயின் வாசனைதான் வந்தது. அதைச் சொன்னால் பேச்சு அரை நிமிடத்தில் முடிந்துபோகும். ஆகவே புனைந்தேன். மெர்லோவில் புதுத் தோல்பை என்றேன். கேபர்னேவில் சீவிய பென்சில். அவர் கண்ணை மூடிக் கேட்பார். “அப்புறம்?” என்பார். அந்த ஒரு சொல்லுக்காக வெள்ளிக்கிழமை முழுக்க யோசித்து வைப்பேன்.*

* கையேட்டை முடித்துக் கொடுத்து ஏழு மாதமாகியும் போய்க்கொண்டிருந்தேன்.

4

ஒரு சனிக்கிழமை மதியம் அவர் ஒரு மெர்லோவைத் திறந்து, சுவைத்துப் பார்க்க எனக்கும் பக்கத்தில் நின்ற தம்பதிக்கும் ஊற்றினார். எனக்கே மூக்கில் ஏறியது: மழையில் ஊறிய அட்டைப்பெட்டி. கார்க் கெட்ட பாட்டில் அப்படித்தான் நாறும் என்று எனக்குச் சொல்லித் தந்ததே அவர்தான். அவரும் கோப்பையை முகர்ந்தார். தம்பதியிடம் சிரித்தபடி, “பழ வாசனை. அதுக்குப் பின்னால புதுத் தோல்பை,” என்றார்.

என் புளுகு, எழுத்து மாறாமல்.

கணவர் முகம் சுளித்தார். முதலாளி வந்து கோப்பையை முகர்ந்தார். ஊற்றிக் கொடுத்தவரைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீங்க வாராவாரம் வர்றவர். நீங்களே சொல்லுங்க, இது எப்படி இருக்கு?”

(இரண்டாம் வரைவில் ‘அருமை’ என்று சொல்லிவிட்டு முழுக் கோப்பையையும் குடித்துவிடுகிறேன். அந்த வரைவில் எனக்கு என்னை மிகவும் பிடித்திருந்தது.)

“எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க,” என்றேன்.

இத்தனை மாதம் சொல்லிக்கொடுத்தவர் ஒரு முழத் தூரத்தில் நின்றிருந்தார்.

5

கடை வாசலிலேயே காத்திருந்தேன். மாலை ஐந்து மணிக்கு அவர் கைப்பையோடு வெளியே வந்தார். திங்கள் முதல் வர வேண்டாம் என்றுவிட்டார்களாம். பேருந்து நிறுத்தம்வரை கூடவே நடந்தேன். மன்னிப்புக் கேட்டேன். கோபப்பட்டிருந்தால் தேவலை, அவர் கோபப்படவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்ததாம், அதோடு வாசனை என்பதே போய்விட்டதாம். அடுப்பில் பால் தீய்ந்தால்கூடப் புகையைப் பார்த்துத்தான் தெரியும். வேலை போய்விடுமே என்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

“நீங்க சொல்றதத்தான் வர்றவங்களுக்கெல்லாம் சொல்லிட்டிருந்தேன். வீட்டுக்குப் போயும் அதையே நெனச்சுட்டு உக்காந்திருப்பேன். கொஞ்சம் திரும்பி வர்ற மாதிரி இருக்கும்.”

பேருந்து வருகிறதா என்று சாலையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“போன வாரம் ஷிராஸ்ல, இஸ்திரி போட்ட சட்டையோட சூடுன்னு சொன்னீங்களே. அது நெஜமாவே இருந்துச்சா சார்?”

6

பதிலை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ‘இருந்தது’ என்றால் அவருக்கு அந்த வாசனையாவது மிஞ்சும். நான் பொய்யனாகவே வீடு திரும்புவேன். ‘இல்லை’ என்றால் நாங்கள் இருவரும் ஒரே மாதிரி ஆட்கள் என்பது தெரிந்துவிடும், ஆனால் அவரிடம் மிச்சமிருந்த

முடிக்க வரவில்லை. நான் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அதை இங்கே எழுதப்போவதில்லை.

என் இடத்தில் நீங்கள் நில்லுங்கள். பேருந்து வளைவில் திரும்பி நிறுத்தத்தை நோக்கி வருகிறது. ஏறுவதற்காக அவர் முன்னால் நகரவில்லை. உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.