ஆறு விநாடி ஊதல்

1987 ஜூன் 28, ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கரை மணி அளவில், ஈரானின் மேற்கெல்லையில் உள்ள சர்தஷ்த் ஊரின் குடியிருப்புகள் மீது இராக்கிய விமானங்கள் கடுகு வாயுக் குண்டுகளைப் போட்டன.

பெஃப்ரீனுக்கு அப்போது பதினாறு வயது. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, அந்த வாயு தன் மேல் பட்டது என்று நிரூபிக்க, மூன்றாவது முறையாக அவள் மருத்துவ ஆணையத்தின் முன் போய் நின்றாள்.

ஆணையம் என்பது மூன்று மருத்துவர்களும் மூச்சை அளக்கும் ஒரு ஊதுகருவியும். மாகாணத் தலைநகரிலிருந்து ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை வருவார்கள். சுகாதார நிலையத்தின் மாடியில் உட்காருவார்கள். நுரையீரல் நோயாளிகளைச் சோதிக்க மாடியைத் தேர்ந்தெடுத்த மூளை யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை. இருபத்தாறு படி. ஏற முடியாதவர்கள் 'வரவில்லை' என்று குறிக்கப்படுவார்கள். ஏறி வந்தவர்களிடம், "இத்தனை படி ஏறிட்டீங்களே, அப்புறம் என்ன?" என்று கேட்பார்கள்.

முதல் முறை பெஃப்ரீனிடம் அன்றைய சிகிச்சைச் சீட்டைக் கேட்டார்கள்.

"கவுன் பையில இருந்துச்சு. வாயு பட்ட துணின்னு கவுனோட சேத்து உங்க ஆளுங்கதான் எரிச்சாங்க."

"எரிச்சதுக்குச் சீட்டு இருக்கா, சகோதரி?"

இரண்டாம் முறை சாட்சிகள் போதும் என்று விதி மாறியிருந்தது. ஆனால் ஊதவேண்டும். குழாயை வாயில் வைத்து, மூச்சை முழுக்க இழுத்து, விடாமல் ஆறு விநாடி. இரண்டாவது விநாடியில் அவளுக்கு இருமல் வந்தது. மூன்று முறை முயன்றாள், மூன்று முறையும் இருமல். அறிக்கையில் ஒரே சொல் எழுதினார்கள்: 'ஒத்துழைக்கவில்லை.'

டயர் கடை மௌலூத் ஒத்துழைத்தான். குண்டு விழுந்த அன்று அவன் தப்ரீஸில் லாரியிலிருந்து டயர் இறக்கிக்கொண்டிருந்தான் என்பது ஊருக்கே தெரியும். சூடான தேநீரை ஆற்றுவதுபோல் ஆறு விநாடியும் வேண்டுமென்றே மெதுவாக ஊதிவிட்டு வந்தான். கருவி மூச்சு குறைவு என்று காட்டியது. முப்பது சதவீதப் பாதிப்பு என்று சான்றிதழ் வந்தது. கடையில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறான்.

ஆண்டுதோறும் நினைவு நாளன்று பெஃப்ரீனை முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். வெளியூர் அதிகாரிகள் பேசும்போது அவள் இருமுவாள். ஒலிபெருக்கிக்காரன் ஒரு மைக்கை அவள் பக்கமாகத் திருப்பி வைப்பான். அந்த ஒரு நாள் மட்டும் அந்த இருமலை அரசு முழுமையாக நம்பும். கைக்குட்டையால் கண் துடைத்துக்கொள்ளும். மறுநாள் கூடாரத்தைப் பிரித்து எடுத்துப் போய்விடும்.

இருபத்திரண்டாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அவளுடைய உதடும் நகமும் நீலம் பாரிக்கத் தொடங்கின. ஊர் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "வீட்டுல ஆக்சிஜன் மெஷின் இல்லாம இந்தக் குளிரைத் தாண்ட மாட்டே. ஆணையம் இருபத்தஞ்சு சதவீதம் போட்டாத்தான் குடுப்பாங்க. எப்படியாவது ஊதிடு."

அவள் கணவன் ஹேமின் எல்லைக்கு அப்பாலிருந்து முதுகில் சரக்கு சுமந்து வருபவன். தேயிலை, சிகரெட், டிவி. குண்டு எந்தப் பக்கமிருந்து வந்ததோ அந்தப் பக்கமிருந்துதான் அவளுடைய மூச்சு மருந்தும் வந்தது. இந்த முறை புதிதாக ஒரு ஸ்ப்ரே கொண்டுவந்தான்.

"ரொம்ப வீரியமாம். ஒரு மணி நேரம் முன்னாடி அடிச்சா நாலு மணி நேரத்துக்கு இருமலே வராதாம். கடைக்காரன் சத்தியம் பண்ணான்."

"அவன் சத்தியம் பண்ணா என் நுரையீரல் கேக்குமா?"

"வாயை மூடிட்டு ஊது."

"வாயை மூடிட்டு எப்படிய்யா ஊதுறது?"

ஹாட்வாட்டர் பையை வாயில் வைத்து அவள் ஊத, அவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணினான். பத்து நாள் பயிற்சி. பத்தாம் நாள், ஸ்ப்ரே அடித்த பிறகு, ஆறு விநாடி தாண்டியது. ஹேமின் கைதட்டினான். அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரித்ததில் இருமலும் வந்தது.

ஆணையம் வந்த அன்று படிக்கட்டில் மௌலூத் நின்றிருந்தான். சதவீதத்தை ஏற்றிக் கேட்க வந்திருந்தான்.

"என்ன தங்கச்சி, இந்தத் தடவையாவது ஒழுங்கா ஊதுவியா?"

"நீ ஊதுனதுல மிச்சம் இருந்தா ஊதுறேன். தப்ரீஸ் காத்து எப்படி, இன்னும் நெஞ்சைக் கரிக்குதா?"

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான்கைந்து பேர் சிரித்து முடிக்கமுடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார்கள். மௌலூத் மட்டும்தான் மூச்சு வாங்காமல் நின்றான்.

பெஃப்ரீன் ஒவ்வொரு படியிலும் நின்று ஏறினாள். குழாயை வாயில் வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. இருமல் வரவில்லை. ஆறு. கருவி பீப் என்றது.

"அருமை!" என்றான் கருவியை இயக்கிய இளைஞன். "காலையிலேருந்து இதுதான் முதல் நல்ல ஊதல்."

தலைமை மருத்துவர் தாளைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "நல்லா ஊதுறீங்களே சகோதரி. மூச்சு ஏறக்குறைய சரியா இருக்கு. போன தடவை ஏன் அடம் பிடிச்சீங்க?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. "ஸ்ப்ரே அடிச்சிட்டு வந்தேன், டாக்டர். அது இல்லாம ஊதவே முடியாது."

"மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். சந்தோஷப்படுங்க."

"நாலு மணி நேரத்துல இது இறங்கிடும். அப்போ ஊதுறேன், பாருங்க. என் நகத்தையாவது பாருங்க."

அவர் நகத்தைப் பார்க்கவில்லை. சன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்தார். "அப்போ உங்களுக்கு இருமல் வரும். இருமுனா கருவி ஏத்துக்காது. ஏத்துக்காததை நான் எப்படி எழுதுறது? அதுவுமில்லாம மூணு மணிக்கு நாங்க கிளம்பணும். பனிக்கு முன்னாடி கணவாயைத் தாண்டணும்."

அவர் படித்தவர். விதியை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தார். ஊத முடியாதவள் ஒத்துழைக்காதவள், ஊத முடிந்தவள் நோயில்லாதவள். இரண்டுக்கும் நடுவே நோயாளி என்று ஒருத்தி நுழைய இடம் விடாமல் அந்த விதியைக் கட்டியிருந்தார்கள். அவரும் அதில் சந்து எதையும் தேடவில்லை. தேநீர் வந்தது. சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு அடுத்த பெயரைக் கூப்பிடச் சொன்னார்.

கீழே ஹேமின் காத்திருந்தான். "ஆறு விநாடி ஊதுனியா?"

"ஊதுனேன்."

"அப்புறமென்ன?"

"நல்லா ஊதிட்டேன்."

நாற்பது நாள் கழித்துக் கடிதம் வந்தது. பெஃப்ரீனுக்கு ஐந்து சதவீதம். மௌலூத்துக்கு முப்பத்தைந்து. ஆக்சிஜன் மெஷின் கேட்டிருந்த மனு இணைப்புத் தாளோடு திரும்பி வந்தது. அடுத்த அமர்வு பதினெட்டு மாதம் கழித்து என்று அதில் எழுதியிருந்தது.

பிப்ரவரி மூன்றாம் வாரம், பனி மூடிச் சாலை அடைபட்டிருந்த ஒரு காலையில், பெஃப்ரீன் வீட்டில் இறந்தாள். அந்த ஆண்டு நினைவு நாளில் முன்வரிசை நாற்காலியில், அதே இருமல் உள்ள அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி குல்பாக்கை உட்கார வைத்தார்கள். மைக் அதே இடத்தில் இருந்தது.