எலம் பிங்கமுக்கு ஒரு கல்லறை

1

இந்தக் கதை என் குற்ற உணர்ச்சியில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் கண்டுபிடித்துவிட்டு என்னைத் திட்டக் கூடாது.

அமெரிக்காவில் கார்வர் கிரீக் என்ற சிற்றூரில் வாரப் பத்திரிகை அச்சடித்துக்கொண்டிருந்தவன் நான். கௌபாய் படங்களில் குதிரையேறிப் பாட்டுப் பாடும் சில்வர் டோலன் எங்கள் ஊர்க்காரன். நிஜப் பெயர் ஓர்வில் பிங்கம். பதினான்கு வருஷம் கழித்து அவன் ஊருக்கு வருகிறான் என்று 1949 மே மாதம் தந்தி வந்தது. கூடவே செய்திப்படக் கேமராவும் வருமாம். அப்பாவின் கல்லறையில் அவன் பூ வைப்பதைப் படமெடுத்து நாடு முழுக்கத் தியேட்டர்களில் காட்டுவார்களாம்.

சிக்கல் ஒன்றுதான். அப்பா எலம் பிங்கம் சாகவில்லை.

(சினிமா கம்பெனி அவனை அநாதையாக்கிப் பத்திரிகைகளில் எழுத வைத்திருந்தது. தூசிப் புயலில் தாய் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளையாம். தாய் போனது உண்மை. ஆனால் நிமோனியாவில்.)

எலமின் அண்ணனுக்கு ஒரு கல்லறை இருந்தது. கல்லில் பிங்கம் என்று குடும்பப் பெயர் பெரிதாக, அடியில் அவர் பெயர் சின்னதாக. "அடியில இருக்கிற பேரைப் பூவால மறைச்சிட்டா ஆச்சு" என்று ஊர்க் கூட்டத்தில் எழுந்து சொன்னவன் நானேதான். கைதட்டினார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

2

முதல் வரியைப் பலமுறை எழுதி அடித்தேன்.

சில்வர் டோலன் வெள்ளைக் குதிரையில் ஊருக்குள்

இல்லை, அவன் காரில்தான் வந்தான்.

பிங்கம் குடும்பத்தின் துயரம் தொடங்கியது

துயரமாம்! கை கூசுகிறது. ஓர்வில்லின் அக்கா நெவாவிடமிருந்து தொடங்குகிறேன். அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஓர்வில் வருவது கல்லறை அலங்கார நாளன்று. அன்று எங்கள் ஊரில் ஒவ்வொரு குடும்பமும் தன் மனிதர்களின் கல்லறையருகே உட்கார்ந்து சாப்பிடும். மனைவியின் பக்கத்தில் உட்காராமல் எலம் ஒரு வருஷமும் விட்டதில்லை. அந்தக் கல்லறையும் அண்ணனுடைய கல்லறையை ஒட்டித்தான் இருந்தது. அப்பாவை யாராவது அடையாளம் காட்டினால் தம்பியின் பிழைப்பு போய்விடும். காட்டாவிட்டால் உயிரோடிருக்கும் அப்பா நாடறியச் செத்தவராகிவிடுவார். நெவாவுக்கு இரண்டையும் தாங்க முடியவில்லை.

"அப்பா, இந்த வருஷம் வீட்லயே இருங்களேன். நெஞ்சுல சளி வேற கட்டியிருக்கு."

"செத்தவனுக்கு ஏதும்மா சளி?"

"விளையாடாதீங்கப்பா."

"நான் எங்க விளையாடுறேன்? பத்திரிகையிலதான் போட்டிருக்கானே. கழுதை உதைச்சுச் செத்தான்னு போடாம விட்டானே, அதுவரைக்கும் சந்தோஷம்."

(நெவா பிறகு சொல்லித்தான் இந்தப் பேச்சு எனக்குத் தெரியும். கழுதையை நான் சேர்த்தேன். எலம் சிரிக்கச் சிரிக்கப் பேசினால் எனக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.)

"அவன் பொழப்பு போயிடும்ப்பா."

"உங்கம்மா பக்கத்துல உட்கார நான் எவன்கிட்டம்மா கேக்கணும்? வாயைத் திறக்க மாட்டேன். போதுமா?"

போதவில்லை. அவள் சமையலறைக்குப் போய் அவித்த முட்டைகளை உரித்தாள். பாதி முட்டை ஓட்டோடு போயிற்று.

3

கல்லறைத் தோட்ட வாசலில் ஓர்வில் கூட்டத்திலிருந்து நழுவி அவளிடம் வந்தான். மெலிந்திருந்தான்.

"அவரைக் கூட்டிட்டு வர வேணாம்னு எழுதியிருந்தேனேக்கா?"

"அவரா? அப்பான்னு சொல்ல நாக்கு சுடுதாடா உனக்கு?"

"கத்தாதக்கா. இந்த மாசம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கணும். பத்தே நிமிஷம். அப்புறம் வீட்டுக்கு வந்து அவர் கால்ல விழுறேன்."

"வந்துடுவியா?"

அவன் தொப்பியைச் சரிசெய்தான். கேமராக்காரர் கூப்பிட்டார்.

பெரியப்பாவின் கல்லறை முன்னால் அவன் மண்டியிட்டான். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தான். அதையெல்லாம் அழகாகச் செய்வான். பத்தடி தள்ளி மடக்கு நாற்காலியில் எலம், மடியில் கோழி வறுவல் தட்டு. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. நான் பூக்களைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"பெரியவரே," என்றார் கேமராக்காரர், மரியாதையாகத்தான். "நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கிறீங்களா? நீங்க படத்துல விழுறீங்க."

எலம் மகனைப் பார்த்தார். மகன் பூவைப் பார்த்தான்.

"அதுக்கென்ன தம்பி" என்று எலம் எழுந்தார்.

4

இதற்கு மேல் மூன்று முடிவுகள் எழுதிக் கிழித்தேன்.

ஒன்றில் ஓர்வில் ஓடிவந்து அப்பாவைக் கட்டிப்பிடிக்கிறான். அவன் நடித்த படம் போலவே இருந்தது. இன்னொன்றில் எலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறார். கதையை முடிக்க ஒரு மனிதரைக் கொல்வதா? ஏற்கெனவே ஒரு தடவை கொன்றாயிற்று. மூன்றாவதில் எலம் கேமராக்காரரிடம், "செத்தவரை எனக்குத் தெரியும், நல்ல மனுஷன்" என்கிறார். அதை எழுதி முடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதனாலேயே அதை நம்பவில்லை.

5

நான் எழுதாமல் தள்ளிப்போட்டது நெவாவை. பூக்களை விட்டு நான் ஒதுங்கியபோது அவள் என் பக்கத்தில்தான் நின்றாள். அப்பா நாற்காலியை மடக்கியதும் அவள் வாயைத் திறந்தாள். ஒரே சொல் போதும். "அப்பா" என்று அவள் உரக்கக் கூப்பிட்டால் கேமரா திரும்பியிருக்கும்.

நான் அவள் முழங்கையை இறுக்கிப் பிடித்தேன். வலித்திருக்கும். "ஊர் மானம், நெவா" என்றேன்.

அன்று நடந்தது அதுதான். எத்தனை தடவை எழுதினாலும் என் கை அவள் முழங்கைக்குத்தான் போகிறது. அதனால் இந்தக் கதையை நான் முடிக்கக் கூடாது. நீங்கள் எழுதுங்கள். உங்களுக்கு அந்த ஊரில் யாரையும் தெரியாது, காப்பாற்ற எந்த மானமும் இல்லை. அவள் வாய் திறந்தே இருக்கிறது. எலம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார்.

சீக்கிரம்.