நூல் போகிற சத்தம்

அக்காவின் தூண்டில் ரீலை மேசைமேல் வைத்துக் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றிய உடனேயே திருகாணியின் முகம் சுருங்கிவிட்டது. மணலை வாயில் போட்டு மென்றாற்போல் உள்ளேயிருந்து ஒரு கரகரப்பு வந்தது. மூடியைக் கழற்றினாள். கடல் உப்பு, பற்சக்கரத்தின் இடுக்குகளில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒரு காலத்தில் மஞ்சளாக இருந்த கிரீஸ், கறுத்துக் களிம்பாகிக் கிடந்தது. இவ்வளவு பாழான பிறகும் இது சுற்றியிருக்கிறது, மீனை இழுத்திருக்கிறது என்று நினைத்தபோது, அந்தச் சின்ன இயந்திரத்தின்மேல் அவளுக்கு மரியாதையே வந்துவிட்டது.

திருகாணி என்பது அக்கா வைத்த பெயர். பள்ளிக்கூட நாட்களில் வீட்டுக் கடிகாரத்தைப் பிரித்து மறுபடி மாட்டியபோது ஒரு திருகாணி மிஞ்சிவிட்டது. அப்படியும் கடிகாரம் ஓடியது. "மிஞ்சினதக் கழுத்துல கோத்துப் போட்டுக்கோ" என்று அக்கா செய்த கேலி, பெயராகவே நிலைத்துவிட்டது. இப்போது அவள் தூண்டில் சாமான் கடையின் பின்னறையில் ரீல் பழுது பார்க்கிறாள். பழைய உதிரிகளை எடுத்துவிட்டு மேலான உதிரிகளைப் போட்டு, சாதாரண ரீலையும் உயர்ந்த ரீலாக மாற்றித் தருவதில் அவளுக்கு நல்ல பெயர் இருந்தது.

அக்கா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தைப்பவளாக இருந்தவள். மாடிப்படியில் விழுந்து முழங்கை முறிந்து, அறுவை சிகிச்சையும் முடிந்து, எலும்பு கூடிவிட்டது. ஆனால் வலது கை விரல்களில் உணர்ச்சி திரும்பவில்லை. விரல்கள் மடங்கும், நீளும். எதைத் தொடுகின்றன என்பது மட்டும் தெரியாது. பிடித்திருப்பதாக நினைத்துக்கொண்டே கண்ணாடித் தம்ளர்களை நழுவவிட்டாள். "கை என்னோடதுதான். வாடகைக்கு விட்ட மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பதையும் நிறுத்திவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் தூண்டிலோடு படகுத்துறைக்குப் போகிறவள், விழுந்த நாள் முதல் அந்தப் பக்கமே போகவில்லை. போன வாரம் திடீரென்று, பழைய செய்தித்தாளை எடைக்குப் போடுவதைப் பற்றிப் பேசுகிற அதே குரலில் சொன்னாள்: "வர்ற ஞாயிறு ஒரு தடவ போய்ப் பாக்குறேன். சரிப்பட்டு வரலன்னா எல்லாத்தையும் அடுத்த வீட்டுக்காரருக்குக் குடுத்துடுவேன். மூலையில நின்னு என்னையே மொறச்சுப் பாக்குது அது."

அத்தான் ரீலைக் கடைக்குக் கொண்டுவந்து கொடுத்தபோது, வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். "அவ மீன் பிடிக்கலன்னா எனக்கு என்ன நஷ்டம்? வீட்டுல செதில் வாடை இல்லாம நிம்மதியா இருப்பேன். ஆனா அவ என்னைத் திட்டக்கூட மாட்டேங்கிறாம்மா. அதான் பயமா இருக்கு."

ஆகவே திருகாணி அந்த ரீலுக்குத் தன் வித்தை முழுவதையும் கொட்டினாள். பேரிங்குகளை மாற்றினாள். பித்தளைப் பற்சக்கரம் போட்டாள். மரத்த விரல்களுக்கும் நழுவாதபடி, எலுமிச்சை அளவில் உருண்டைக் குமிழ் வைத்த நீண்ட கைப்பிடியைப் பொருத்தினாள். பெரிய மீன் இழுக்கும்போது நூல் அறுந்துவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கிற வட்டத் தகடுகள் உள்ளே உண்டு. அவற்றில் கம்பளித் தகடுகளை எடுத்துவிட்டுக் கார்பன் தகடுகளை அடுக்கினாள். கடைசியில், நூல் சுற்றியிருக்கும் உருளையையே கழற்றி, இறகுபோல் கனமில்லாத புது உருளையைப் போட்டாள். பழைய உருளையின் அடியில், நூல் வெளியே போகும்போது கிர்ரென்று சத்தம் எழுப்புகிற சிறிய தகட்டு நாக்கு ஒன்று இருந்தது. புது உருளையில் அதற்கு இடமில்லை. சத்தத்தால் தேய்மானம்தானே மிச்சம் என்று அதை ஒரு டப்பா மூடியில் போட்டு வைத்தாள்.

கைப்பிடியைச் சுண்டிவிட்டாள். அது தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. காதை ஒட்டி வைத்துக் கேட்டாள். ஒன்றுமே கேட்கவில்லை. தான் செய்த வேலைதானா இது என்று அவளுக்கே மலைப்பாக இருந்தது.

ஞாயிறு காலை, படகுத்துறையின் சிமெண்டு விளிம்பில் அக்கா நின்றாள். இடது கையில் கம்பு, வலது கை குமிழின்மேல். வீச்சு நன்றாகவே விழுந்தது. சுற்றத் தொடங்கியவள், கொஞ்ச நேரத்தில் குனிந்து தன் கையைப் பார்த்தாள்.

"நான் சுத்துறேனாடி?"

"சுத்துறக்கா. வெண்ணெய் மாதிரி சுத்துது பாரு."

அந்தக் கேள்வியிலேயே திருகாணி விழித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் அவள் தன் வேலையின் வழவழப்பில் மயங்கியிருந்தாள்.

மீன் கடித்தது. கம்பு வில்லாக வளைந்தது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு வேகவேகமாகச் சுற்றினாள். அவள் கண் நீரின்மேலேயே இருந்தது. இங்கே உருளையோ அவளுக்கு எதிராகச் சுழன்று, நூலை வெளியே விட்டுக்கொண்டிருந்தது. நூல் போகும்போது சுற்றவே கூடாது. சுற்றினால் நூல் முறுக்கேறிவிடும். அதைத் திருகாணி கண்டு "நிறுத்துக்கா!" என்று கத்துவதற்குள், நூல் புரிபுரியாகச் சுருண்டு, பட்டென்று அறுந்தது. கம்பு நிமிர்ந்தது. பக்கத்தில் நின்றவர்கள் நாகரிகமாகத் தங்கள் தூண்டில்களைக் கவனிக்கத் தொடங்கினார்கள்.

"இது போகுதா வருதான்னு எனக்கு எப்படிடி தெரியும்?" அக்கா குரலை உயர்த்தவேயில்லை. "தையல்ல இருந்தப்பவும் எனக்குக் காதுதான் பாதி கை. இப்போ அது மட்டுந்தான் கை. அதையும் எடுத்துட்டியே." பிறகு, கோபமா கேலியா என்று பிரித்தறிய முடியாதபடி கேட்டாள்: "இந்தத் தடவையும் ஒண்ணு மிஞ்சிச்சா?"

டப்பா மூடியில் கிடக்கும் தகட்டு நாக்கு திருகாணியின் நினைவுக்கு வந்தது.

"எடுத்து வைங்க. அடுத்த வீட்டுக்காரர்கிட்டயே குடுத்துடலாம்" என்றாள் அக்கா, பின்னால் நின்ற அத்தானிடம்.

"அவரு ஊருல இல்லியே" என்றார் அத்தான் அவசரமாக.

"காலையில மாடியில நின்னு பல்லு தேச்சாரே?"

"தேச்சாரு. தேச்சுட்டுப் போயிட்டாரு."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எப்போ வருவாராம்?"

"அடுத்த ஞாயிறு தாண்டித்தான்" என்று சொல்லிவிட்டு, அவர் ரீலைத் திருகாணியின் பைக்குள் திணித்தார்.

மறுநாள் திருகாணி வலது கையில் தடித்த கையுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, அந்த ரீலைச் சுற்றிப் பார்த்தாள். கை எங்கோ போயிற்று. சுற்றுகிறதா, நின்றுவிட்டதா, குமிழில்தான் இருக்கிறதா? இருட்டுக் கிணற்றில் வாளியை விட்டுவிட்டு நிற்பது போலிருந்தது. இப்படி ஒரு கையை வைத்துக்கொண்டுதான் அக்கா சோறு வடிக்கிறாள், பொத்தான் போடுகிறாள், தலை பின்னுகிறாள். திருகாணி கையுறைகளைக் கழற்றவும் தோன்றாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு புது உருளையின் அடியைக் குடைந்து, பல் வைத்த வளையம் ஒன்றைப் பதித்தாள். தகட்டு நாக்குகளை வெட்டி வெட்டிப் பொருத்திப் பார்த்தாள். ஒன்று முனகியது, ஒன்று கீச்சிட்டது. அது மட்டும் போதாது என்று பட்டது. கைப்பிடியின் அச்சிலும் ஒரு சிறு பள்ளம் வெட்டி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டு விழும்படி செய்தாள். கடை முதலாளி எட்டிப் பார்த்தார். "எல்லாரும் சத்தம் போகணும்னு கொண்டு வருவாங்க. நீ உட்கார்ந்து சத்தம் செஞ்சுட்டு இருக்க. நல்லாத்தானே இருந்த?"

அடுத்த ஞாயிறு, அக்கா வேண்டாவெறுப்பாகத்தான் வந்தாள். வீசினாள். சுற்றினாள்.

டொக். டொக்.

சட்டென்று நிறுத்தினாள். சத்தமும் நின்றது. "யாரது?"

"அது உன் கைக்கா."

அக்கா மறுபடி ஒரு சுற்றுச் சுற்றினாள். டொக். மெதுவாக ஒன்று, வேகமாகச் சில. தூண்டிலில் இரை இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல், நூலை முழுவதும் இழுத்து, வீசி, மறுபடி இழுத்தாள். அவள் உதடுகள் அந்தச் சத்தத்தோடு சேர்ந்து லேசாக அசைந்தன. அத்தான் வேறு பக்கம் திரும்பி, படகு எதையோ பார்ப்பவர்போல் நின்றார்.

கம்பு எச்சரிக்கையே இல்லாமல் வளைந்தது. வளைந்தது என்பதுகூடச் சரியில்லை. நீருக்குள் இருந்து யாரோ அதைக் கேட்டு வாங்கினாற்போல் இறங்கியது. கிர்ர்ர் என்று ரீல் பாடத் தொடங்கியது. அந்தச் சத்தம் கேட்ட கணமே அக்காவின் வலது கை நின்றுவிட்டது.

"எவ்ளோ பெருசுக்கா!"

"பேசாத. கேக்கணும்."

திருகாணி வாயை மூடிக்கொண்டாள். பக்கத்தில் நின்றவர்களும் பேச்சை நிறுத்தினார்கள். அக்கா கண்களை மூடித் தலையைச் சாய்த்து, காய்ச்சல் கண்ட குழந்தையின் மார்பில் காதை வைப்பவள்போல் ரீலை நோக்கிக் குனிந்தாள். கிர்ரென்ற ஓட்டம் தளர்ந்து, தனித்தனி மணிகளாக உதிரும் இடத்தில் அவள் கை சுற்றத் தொடங்கும்: டொக், டொக், டொக். மீன் மறுபடி புரண்டால், முதல் மணி உதிரும்போதே கை நிற்கும். நடுவில் மயிரிழை இடைவெளியும் இல்லை. அந்த ரீலில் தான் வெட்டிய ஒவ்வொரு பல்லும் திருகாணிக்குத் தெரியும். ஆனால் இப்படி ஒரு உரையாடல் அதற்குள் இருக்கும் என்று தெரியாது.

தொலைவில் நீர் ஒரு முறை உடையாமல் மேடாக எழுந்தது. அதனடியில் அகலமான ஏதோ ஒன்று அவசரமில்லாமல் திரும்பிற்று. மேடு தாழ்ந்து, மேற்பரப்பு கண்ணாடிபோல் ஆயிற்று. நூல் மட்டும் அந்தக் கண்ணாடியை மெல்லக் கீறிக்கொண்டு இடமிருந்து வலமாக நகர்ந்தது.

கிர்ர்... கிர்... கிர்.

ரீல் அடங்கியது.

டொக் என்று ஒன்று கேட்டது.