யாரோ போட்ட தரை

...அப்படி என்னதான் சொல்லிவிட்டான், இவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற அளவுக்கு, சன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கலவை மெஷின் சத்தம் எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது, ஜல்லியையும் மணலையும் வைத்துக்கொண்டு ஒரு மேஸ்திரி என்ன பெரிய வேடிக்கை பேசிவிட முடியும்... இவன் மடியில் இருந்த விடைத்தாள்களில் பதினோராவது தாளை மூன்றாவது முறையாகத் திருத்த ஆரம்பித்தான். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டதே தப்பு. கேட்டிலிருந்து வீட்டுப் படி வரைக்கும் கார் ஏறுகிற பாதையைப் பெயர்த்தெடுத்துப் புதுக் கான்கிரீட் போடுகிறார்கள், வீட்டில் ஒரு ஆம்பளை இருக்க வேண்டாமா என்று தானாகத்தான் லீவு போட்டான், மனைவி கேட்கவில்லை, "நீங்க எதுக்கு, நான் பாத்துக்கறேன்" என்றுதான் சொன்னாள். பார்த்துக்கொள்வது என்றால் இப்படியா, காலையிலிருந்து மேஸ்திரிக்கு மூன்று டீ, அதுவும் அவளுடைய அண்ணன் வந்தால் மட்டும் அலமாரியை விட்டு இறங்குகிற பூப்போட்ட கப்பில், சாஸரோடு. இவனுக்கு வந்தது பிடி உடைந்த பழைய கப், ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. மேஸ்திரி அழகனாக இருந்திருந்தாலாவது ஒரு சமாதானம் உண்டு, தொப்பை, முன்பல்லில் ஒன்று இல்லை, ஒரு முழங்காலில் பட்டை கட்டியிருக்கிறான், வாய்க்கு வாய் 'அக்கா' வேறு. அக்கா என்று கூப்பிட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா... சீ, என்ன நினைப்பு இது, ஐம்பது வயதில். பொறாமைதான், வேறு என்ன பேர் வைத்தாலும் பொறாமைதான், வயிற்றில் காலையிலிருந்து எரிகிறது, டீயின் மேல் பழி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

உடைத்த பழைய தரை கேட் ஓரமாகக் குவிந்து கிடந்தது. அது இவன் போட்டது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆள் வைக்க மாட்டேன், இது என்ன பெரிய வித்தை என்று, மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் தன் கையாலேயே கலந்து கொட்டியது. கலவை இழுக்க வராமல் கையை ஒடித்தது, ஒரு வாளித் தண்ணீர் விட்டான், சுகமாக இழுத்தது, இன்னொரு வாளி விட்டான். முதல் வருஷமே விரிசல். வாட்டம் கேட் பக்கம் போவதற்குப் பதிலாக வீட்டுப் பக்கம் வந்துவிட்டது, வருஷத்தில் பாதி நாள் மழை பெய்கிற ஊர், பெய்கிற மழையெல்லாம் நேராக வாசற்படிக்கு வந்து நிற்கும், அவள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு செங்கல் மேல் கால் வைத்துத் தாண்டுவாள். மழை ஜாஸ்தி, மண் சரியில்லை, சிமெண்ட் பழசு என்று இவன் காரணம் சொல்லிக்கொண்டே இருந்தான், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இன்று காலை மேஸ்திரி அதில் ஒரு சில்லை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தான், மாவாக உதிர்ந்தது. "தண்ணி அள்ளி விட்டிருக்காங்க அக்கா. வாட்டமும் தப்பு. யாரு போட்டது இது?" கதவுக்குப் பின்னால் இவன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "யாரோ ஒருத்தர். ரொம்ப நாளாச்சு" என்றாள். யாரோ ஒருத்தர்... புருஷனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று மறைத்தாளா, இல்லை, என் புருஷன்தான் என்று சொல்ல நாக்கு கூசியதா, எதுவாக இருந்தாலும் போய்க் கேட்க முடியாது, கேட்டால் ஒட்டுக்கேட்டது தெரிந்துவிடும். இருபத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு யாரோ ஒருத்தர்.

மெஷின் நின்றது. ஆட்கள் இரண்டு பேரும் அதை வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள், இனிமேல் மேஸ்திரியின் கைவேலைதான், இப்போது பேச்சு தெளிவாகக் கேட்டது, கேட்காமலே இருந்திருக்கலாம். ஈரத் தரையில் அவன் விளக்குமாற்றால் வரி வரியாக இழுத்துக்கொண்டே வந்தான், நாலடிக்கு ஒரு தரம் கரண்டியால் குறுக்கே ஆழமாக ஒரு கோடு கீறினான். "வழவழன்னு தேய்ச்சா அழகாத்தான் இருக்கும் அக்கா, மழையில கால் வச்சா ஆளைத் தூக்கிடும்." அவள், "அந்தக் கோடு எதுக்கு, நல்ல தரையைப் போட்டுட்டு நடுவுல வெட்டி விடறீங்க?" என்று கேட்டாள். அவன் வேலையை நிறுத்தி, கையைத் துடைத்து, அவள் பக்கம் முழுசாகத் திரும்பினான். "எப்படியும் வெடிக்கும் அக்கா. எங்க வெடிக்கணும்னு நாம சொல்லிடணும், அவ்வளவுதான்." அவள் சிரித்தாள். ஓ, இதற்குத்தானா அப்போதும் சிரித்தாள்... இதை நான் சொல்ல மாட்டேனா, சுருக்கம் விரிவு பாடம் வருஷா வருஷம் நடத்துகிறவன், இவனைவிட நன்றாகச் சொல்வேனே, என்னிடம் கேட்டாளா. கேட்டாள். அந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, டீயோடு அதே இடத்தில் நின்றுகொண்டு, "ஏங்க, தண்ணி எவ்வளவு ஊத்தணும்னு ஒரு கணக்கு இருக்குமில்ல?" என்று கேட்டாள். "உள்ள போ. மழை வர்றதுக்குள்ள முடிக்கணும். உனக்கு இதெல்லாம் புரியாது." டீயைச் சுவர் மேல் வைத்துவிட்டுப் போனாள். புரிந்துதானே கேட்டாள், அந்தக் கணக்கைத்தானே தப்பாகப் போட்டேன்... வகுப்பில் நாற்பது பிள்ளைகள், எத்தனை அசட்டுக் கேள்வி கேட்டாலும் பதில் சொல்கிறவன், வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்க அலுப்பு. வேறு என்னவெல்லாம் கேட்டாள், ஒன்றும் நினைவில்லை, 'அப்புறம் சொல்றேன்' என்று தான் சொன்னது மட்டும்தான் நினைவிருக்கிறது. எந்த வருஷம் கேட்பதை நிறுத்தினாள், நிறுத்தியதைக்கூட கவனிக்கவில்லையே.

சன்னல் கண்ணாடியில் சொட்டு விழுந்தது. "சார், ஒரு கை பிடிங்க சார்!" விடைத்தாள்கள் தரையில் சிதற ஓடினான், செருப்புகூட மாட்டவில்லை. தரையின் இரண்டு ஓரமும் அடித்திருந்த மரச் சட்டத்துக்குக் குறுக்கே பலகைகளைப் போட்டு, ஈரத்தில் பட்டுவிடாமல் தார்ப்பாயை இரண்டு பேரும் இரண்டு பக்கமும் இழுத்தார்கள், காற்று பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது, இவன் முனையில் முழங்கால் போட்டு அழுத்திக்கொண்டு கல் தூக்கி வைத்தான், முதுகில் மழை அறைந்தது. "சரியாப் பிடிச்சீங்க சார்" என்றான் மேஸ்திரி. இவனுக்கு வெட்கமில்லாமல் சந்தோஷமாக இருந்தது, அவள் பார்த்தாளா என்று திரும்பிப் பார்த்தான். படியில் நின்றுகொண்டிருந்தாள். "இந்த மழையில ஒண்ணும் ஆயிடாதில்ல?" என்று யாரிடம் என்று இல்லாமல், இரண்டு பேருக்கும் நடுவில் கேட்டாள். இவன் முந்திக்கொண்டான். நிதானமாக, ஒவ்வொன்றாக, பின்பெஞ்சுப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னான். "இப்ப மேல நேரா விழக்கூடாது, அவ்வளவுதான். நாளைக்கு இறுகினப்புறம் நனைஞ்சா நல்லதுதான். கான்கிரீட் காஞ்சு இறுகறதில்ல, தண்ணியைக் குடிச்சுத்தான் இறுகுது." அவள் கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டாள். தலையாட்டினாள். பிறகு மேஸ்திரி பக்கம் திரும்பி, "அப்படியாங்க?" என்றாள்.

"சார் சொல்றது சரிதான் அக்கா." அதற்கப்புறம்தான் அவள் முகம் தெளிந்தது. இவன் தார்ப்பாய் முனையைப் பிடித்தபடி மழையிலேயே நின்றான், இன்னும் ஒன்று கேள், எது வேண்டுமானாலும் கேள், தெரியாவிட்டால் தெரிந்துகொண்டாவது வந்து சொல்கிறேன்... அவள் கேட்டாள். மேஸ்திரியிடம், நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க என்று.